வீடு திரும்பிய ஏடுகள்

அரிய நூல்களின் களவைக் கருவாகக் கொண்டு துப்பறியும் நவீனம் எழுத விரும்புகிறவர்கள் கற்பனையை அதிகம் வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. வாசனைத் தைல வியாபாரக் கம்பெனி ஒன்றில் சாமானிய குமாஸ்தாவாய் நுழைந்து, பழம் புத்தகங்களின் மேல் கொண்ட மோகத்தால் புகழேணி ஏறி, லண்டன் நூலியல் சங்கத்தின் தலைமைப் பீடத்திலும் அமர்ந்து, முதற்பதிப்புகளில் அசல் எது, போலி எது என்பதற்குத் தம் சொல்லே பிரமாணம் என்று இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் நம்பவைத்த தாமஸ் ஜேம்ஸ் வைஸ் என்னும் கனவானின் சரித்திரமே அவர்களுக்குப் போதும்.

இவருடைய தந்திரம் விசித்திரமானது. இருக்கிற நூலுக்குப் போலி செய்தால், அசலோடு ஒத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? ஆகையால் ஹாரி பக்ஸ்டன் ஃபார்மன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து, உலகில் என்றுமே இல்லாத பதிப்புகளைச் சிருஷ்டித்தார். எலிசபெத் பாரெட் பிரௌனிங் தம் காதலர்க்கு எழுதி 1850-இல் வெளியிட்ட கவிதைகளுக்கு, 1847-இல் ரெடிங் நகரில் அச்சானதாக ஒரு சிறு பிரசுரம் முளைத்தது. அதற்குப் பொருத்தமாக ஓர் உருக்கமான கதையும் உடன் முளைத்தது. கதை இல்லாத பழம்பொருளை யார் வாங்குவார்கள்!

ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்ட் என்னும் புத்தக வியாபாரிகள் இருவர், கவிதையை விட்டுவிட்டுக் காகிதத்தை விசாரித்தார்கள். கந்தைத் துணியிலிருந்து காகிதம் செய்த காலம் போய், எஸ்பார்ட்டோ என்ற புல் இங்கிலாந்தின் காகிதத்தில் புகுந்தது 1861-இல். ரசாயன முறையில் பக்குவம் செய்த மரக்கூழ் புகுந்தது 1874-ஐ ஒட்டி. 1847 என்று முகப்பில் பொறித்த நூலிலோ, அந்த மரக்கூழே சாட்சியாய் நின்றது. 1934-இல் வெளியான அவர்களுடைய நூல், ஐம்பது பிரசுரங்களை ஆராய்ந்து, வைஸே குற்றவாளி என்று ஓரிடத்திலும் வாய்விட்டுச் சொல்லாமல், வாசகரே அம்முடிவுக்கு வரும்படி நடத்திச் செல்கிறது. கைதேர்ந்த நாவலாசிரியரும் பொறாமைப்படத்தக்க நாகரிகம் அது.

மூன்றாண்டுகளில் வைஸ் காலமானார். அவருடைய ஆஷ்லி நூலகத்தை பிரிட்டிஷ் மியூசியம் 66,000 பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டது.

கள்ள அச்சு ஒருபுறமிருக்க, கைக்களவும் உண்டு என்பது 1950-களில்தான் வெளிப்பட்டது. மியூசியத்திலிருந்த பதினேழாம் நூற்றாண்டு நாடகப் பிரதிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட ஏடுகள் காணாமற்போயிருந்ததை டேவிட் ஃபாக்ஸன் என்பவர் கண்டறிந்து, அவற்றுட் பலவற்றை வைஸின் பிரதிகளிலும், வைஸ் சிகாகோ செல்வர் ரென்னுக்கு விற்று இப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருக்கும் பிரதிகளிலும் அடையாளம் கண்டார். குறைப்பட்ட தம் பிரதிகளை நிறைவாக்க, மியூசியத்துப் புத்தகத்தின் ஏடுகளையே கிழித்து எடுத்திருந்தார் அந்தப் பெரிய மனிதர்.

ஆக, மியூசியம் தன் சொந்த ஏடுகளையும் சேர்த்தே விலை கொடுத்து வாங்கியிருந்தது. இருபதாண்டு காலம், இழந்த புத்தகமும் இழந்த ஏடும் ஒரே நிறுவனத்தின் அலமாரிகளில் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன.