ஆறாத புண்

திருவனந்தபுரத்தில் உள்ளது சாலைக் கடைத்தெரு. அங்கே தமிழ் பேசுவோர் நிறைய உண்டு. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் மருந்துக் கடைக்கு வருகிறார். வயது ஐம்பது இருக்கும். புகையிலை போடுகிறவர்.

"வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற மருந்து கொடும்மா" என்கிறார்.

"போன வாரமும் இதைத்தானே வாங்கினீர்கள், அண்ணாச்சி? புண் வந்து எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்கிறார் மருந்தாளுநர்.

"ஒரு மாசம் இருக்கும். வலி ஒன்றும் இல்லையே!"

"வலி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இன்றைக்கே போங்கள்."

மருந்தாளுநர் என்பவர் மருந்து பற்றிப் படித்தவர். அரசிடம் பதிவு செய்தவர். உடம்புக்கு ஏதாவது வந்தால் பலர் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். அங்கே சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டாம். ஒரே ஆள் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப வாங்குவது கடையில்தான் தெரியும். ஆனால் எல்லாக் கடையிலும் இப்படிக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

எல்லாப் புண்ணும் புற்றுநோய் அல்ல. கூரான பல் குத்தினாலும் புண் வரும். சத்துக் குறைந்தாலும் வரும். அவை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறாத புண்தான் சந்தேகத்துக்கு உரியது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி ஆகியவையும் அப்படித்தான். தொடக்கத்தில் வலி இருக்காது. அதுதான் ஆளை ஏமாற்றுகிறது.

மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றுக்கும் கடை மருந்து போதாது. மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்று நினைத்துக் களிம்பு வாங்குவார்கள். மூலமாகவும் இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் தொடங்கியது. 1996 முதல் அந்தப் பகுதியில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 13 பஞ்சாயத்துகளில் 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,90,000 பேர் அதில் இருந்தார்கள். 7 பஞ்சாயத்துகளில் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைச் சோதித்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற பட்டதாரிகள். மற்ற 6 பஞ்சாயத்துகளில் அப்படிச் சோதிக்கவில்லை.

முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே சாவு கணக்கிடப்பட்டது. சோதித்த ஊர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெறும் கண்ணால் பார்த்ததற்கே இவ்வளவு பலன்!

ஆனால் ஒரு குறை. 'டாக்டரிடம் போங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 63 பேர்தான் போனார்கள். மற்றவர்கள் போகவே இல்லை.

சாலைத் தொழிலாளியும் தயங்குகிறார்.

"அங்கே என்ன செய்வார்கள்? அறுப்பார்களா?"

"முதலில் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால், மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டு சதை எடுப்பார்கள். அதைச் சோதிப்பார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும்."

"ஒரு நாள் கூலி போய்விடுமே?"

"போகும், அண்ணாச்சி. சீக்கிரம் கண்டுபிடித்தால் சின்ன வைத்தியத்தோடு முடியும். முற்றிவிட்டால் எத்தனை மாதக் கூலி போகும்? வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்."

கிழக்கேகோட்டையில் மருத்துவக் கல்லூரிக்குப் பஸ் கிடைக்கும். புற்றுநோய் மையம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது.