பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பணம் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு

அண்மையில் புத்தளத்திலிருந்து வந்த வியாபார நண்பர் ஒருவர் எனது மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை இன்னும் விற்கவில்லையா நானா? இதற்குப் போட்ட காசுக்கு வேறொன்று வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். நம்மில் பலரிடம் இப்படியொரு பழைய வண்டி நிற்கிறது. விற்கவும் மனமில்லை, திருத்தவும் துணிவில்லை. எனவே எனது அனுபவத்தை வியாபாரச் சகோதரர்களோடு பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

என்னுடையது குரூஸர் வகை வண்டி. தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டிக் கால் வைக்கும் வசதி, உயர்ந்த ஹேன்டில், எங்கும் குரோம் பூச்சு. யாழ்ப்பாணத்தில் கடை வைத்த பிறகு, சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று கடன் வசூலுக்கும் ஓடர் எடுக்கவும் போய்வரப் பழையதாக வாங்கினேன். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் அது பல மாதங்கள் அசையாமல் நின்றது. கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர் மாத்திரம். வீட்டிலிருந்த சிறிய வண்டிக்கே அதைப் பயன்படுத்தினோம்.

நிலைமை சீரானதும் அதைத் திருத்தத் தொடங்கினேன். செய்த முதல் தவறும் அப்போதுதான் நடந்தது. புதிய சீற், புதிய ஹேன்டில், பளபளக்கும் சைலன்சர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பணம் போட்டேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டு வாரம் கழித்துக் கண்டி வீதியில் கொடிகாமம் பக்கமாக வரும்போது, ஒழுங்கையிலிருந்து ஒரு லான்ட்மாஸ்டர் திடீரென வீதிக்கு ஏறியது. முன் பிறேக்கை அழுத்தினேன். லீவர் பஞ்சு போலக் கைக்குள் வந்தது, வண்டி நிற்கவில்லை. வீதியோர மணலில் இறக்கித்தான் நிறுத்தினேன். பின்னால் மகன் இருந்தான். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை.

அடுத்த நாள் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தம்பி, நீர் கண்ணுக்குத் தெரியிறதுக்குக் காசு போட்டிருக்கிறீர். உயிரைக் காக்கிறதுக்கு ஒரு சதமும் போடேல்லை."

யாழ்ப்பாணத்தின் பள்ளிக்கூடம்

அந்த அண்ணையின் தொழில் பொருளாதாரத் தடைக் காலத்தில் வளர்ந்தது. 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எதுவும் ஒழுங்காக வரவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதன் தடிப்பைக் குறைத்துவிடும். ஆகவே ஒயிலில் மிகக் கவனமாக இருந்தார்கள். ஒரு பாகம் உடைந்தால் கடைச்சல் பட்டறையில் புதிதாகச் செய்தார்கள், அல்லது வேறு வண்டியின் பாகத்தை இதற்குப் பொருத்தினார்கள்.

அன்று எந்த வண்டியையும் கைவிட முடியாது, ஏனென்றால் மாற்று இல்லை. இன்று மாற்று இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025இல் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியதை நாம் அறிவோம். அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்று கணக்குப் போடக் கூடாது. அன்றைய கைத்திறனோடு இன்றைய கணக்கும் சேர வேண்டும்.

திருத்துவதா, விற்பதா?

மூன்று தொகைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்று, வண்டியை இருக்கிறபடியே விற்றால் கிடைக்கும் விலை. இரண்டு, திருத்தச் செலவு. மூன்று, திருத்திய பின் உங்கள் வண்டி எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையிலுள்ள வேறொரு பழைய வண்டியின் விலை. முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து மூன்றாவதை விடக் குறைவாக இருந்தால் திருத்தலாம். கூடினால் விற்பதே மேல்.

உதாரணமாக, இருக்கிறபடி விற்றால் 250,000 ரூபா, நல்ல நிலையிலுள்ள வேறொன்று 450,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 200,000. மெக்கானிக் 110,000 ரூபா மதிப்பீடு சொன்னால், எதிர்பாராத செலவுக்கு ஐந்தில் ஒரு பங்கைச் சேருங்கள். 132,000 ஆகிறது. அந்த வண்டி இன்னும் 3 ஆண்டுகள் உழைக்குமென்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 3,670 ரூபா. புதிய வண்டிக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதே வண்டிக்கு அழகுக்காக மேலும் 100,000 ரூபா போட்டால் செலவு 232,000 ஆகி, இடைவெளியையும் தாண்டிவிடும். அழகுக்குப் போட்ட பணத்தை வாங்குபவர் திருப்பித் தரமாட்டார். அவருடைய ரசனை வேறாக இருக்கும்.

வண்டி கராஜில் நிற்கும் நாட்களையும் செலவாக எழுத வேண்டும். வசூலுக்குப் போகாத ஒரு வாரமும் நட்டமே.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதும் இதே கணக்கில் சேரும். பஜாஜ் அவெஞ்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் இந்தியாவில் வந்த கவாசாக்கி பஜாஜ் எலிமினேற்றரின் வடிவில் 2005இல் வெளிவந்த இந்தக் குரூஸருக்குப் பல்சர் குடும்பத்து எஞ்சினே பொருத்தப்பட்டது. பல்சர் ஓடும் ஊரில் எஞ்சின் பாகங்களுக்குப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. தாங்கி, மட்காட், ஹேன்டில் போன்ற அதற்கே உரிய பாகங்களைத்தான் தேட வேண்டும். ஒன்றிரண்டு மாத்திரம் வந்திறங்கிய அபூர்வமான குரூஸர் என்றால், ஒரு சிறிய பாகத்துக்காக வண்டி மாதக்கணக்கில் நிற்கலாம். அது ஆசைக்கு வைத்திருக்கும் வண்டி, தொழிலுக்கு ஆகாது.

எதை முதலில் செய்வது?

பணம் குறைவாக இருக்கும்போது வரிசை முக்கியம். நிறுத்துவது முதலில், ஓட்டுவது அடுத்து, அழகு கடைசியில்.

பிறேக்: டிஸ்க் பிறேக்கின் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அது கொதிக்கும் வெப்பநிலை குறைகிறது. தொடர்ந்து பிறேக் பிடிக்கும்போது உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டாகி லீவர் தளர்ந்துபோகும். எனக்கு நடந்தது இதுதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள். எந்த வகை ஒயில் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும்.

ரயர்: பூ தேயாததால் ரயர் நல்லது என்று நினைக்கக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய ரயரின் இறப்பர் இறுகி, மழையில் வழுக்கும். கம்பிச் சில்லுக்கு உள்ளே ரியூப் வேண்டும். அதையும் புதிதாகப் போடுங்கள்.

செயின்: பின் பல்சக்கரத்தில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் தேய்ந்துவிட்டது. செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மாத்திரம் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

மின்சாரம்: பற்றறி அடிக்கடி இறங்குகிறது என்று பற்றறியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. முதலில் எஞ்சினை முறுக்கி, பற்றறியின் முனைகளில் மீற்றர் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 13.5க்கும் 14.5க்கும் இடையில் வோல்ற் காட்டினால் சார்ஜ் ஆகிறது. குறைந்தாலும் கூடினாலும் பிழை வேறிடத்தில் இருக்கிறது.

தாங்கி: அரைகுறையாகப் பெற்றோல் இருந்து நின்ற தாங்கியின் உட்சுவரில் கறள் பிடிக்கும். பெற்றோல் பிசினாகிக் கார்பரேற்றரின் சிறு துவாரங்களை அடைக்கும். வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதென்றால் தாங்கியை நிரப்பி, கார்பரேற்றரை வடித்துவிட வேண்டும். 2022இல் நிரப்ப வழியிருக்கவில்லை. தாங்கியைக் கழுவவும் கார்பரேற்றரைத் துப்புரவாக்கவும் நான் கொடுத்த கூலி அதன் விளைவு.

எஞ்சினைத் திறக்குமுன்

"எஞ்சின் இறக்க வேண்டும்" என்று எவர் சொன்னாலும் உடனே தலையாட்ட வேண்டாம். கொம்பிரஷனை மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால், பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு உயர்ந்தால் தேய்ந்தது ரிங்கும் சிலிண்டரும். உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில் பிழை. இரண்டுக்கும் செலவு வேறு. நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது, கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் அளவுக்கு மீறிப் போகிறது. கறுப்புப் புகைக்கு எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை, கார்பரேற்றரையும் எயார் ஃபில்ரரையும் பார்த்தாலே போதும். எனது வண்டியில் வால்வு மாத்திரமே பிழை. இந்தச் சிறிய பரிசோதனை பெரிய செலவொன்றைத் தவிர்த்தது.

மேம்படுத்தல்

பழைய வண்டிக்குச் சில புதிய வசதிகள் உண்மையில் பயன் தரும். நல்ல ரயர், நல்ல பிறேக் பாட், ஹெட்லைற்றுக்குத் தனி ரிலே ஆகியன செலவுக்கு ஏற்ற பலன் தருபவை. ஹலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் மலிவான எல்ஈடி பல்பைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். உயரமான ஹேன்டில் போட்டால் கேபிள்களும் பிறேக் ஹோஸும் நீளமாக வேண்டும். இழுபட்ட கேபிளோடு திருப்பங்களில் ஓடுவது ஆபத்து.

சரக்குக் கொண்டுபோகும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. குரூஸர் ஓட்டுபவர் தாழ்வாகவும் பின்னாகவும் அமர்வார். பின் சில்லுக்கும் பின்னால் பெட்டி கட்டிப் பாரம் ஏற்றினால் முன்பக்கம் இலேசாகி, வேகத்தில் ஹேன்டில் ஆடும். பாரத்தை இருபக்கப் பைகளில் தாழ்வாகப் பிரித்துக் கட்டுங்கள். அன்றாடம் பெரும் பாரம் ஏற்றுவதென்றால் குரூஸரை விற்று வேறு வண்டி வாங்குவதுதான் சரி.

உப்பும் கறளும்

குடாநாட்டின் எந்தப் பக்கம் போனாலும் கடலோ கடனீரேரியோ தொலைவில் இல்லை. பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்குப் போய்வரும் வண்டியில் உப்பு படியும். குரோம் பூச்சில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தால் போதும், அடியில் கறள் பரவும். சைலன்சர், கம்பிகள், செயின் என்று குரூஸரில் இதற்கு இடம் அதிகம். நம் கிணற்று நீரும் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நீர், காய்ந்தால் வெள்ளைப் படிவு நிற்கும். ஆகவே நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து, செயினுக்கு ஒயில் இடுங்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

பத்திரங்கள்

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, வாப்பாவின் ஹொண்டா கடை வாசலிலேயே நின்றது. பதிவுப் புத்தகம் கடைப் பெட்டிக்குள் இருந்தது. பிற்காலத்தில் இழப்புகளை எழுதிக் கொடுக்கும்படி கேட்டபோது, எஞ்சின் இலக்கமோ செசி இலக்கமோ எங்களிடம் இல்லை. வண்டி இருந்தது என்பதற்கே சான்றில்லை. அன்றிலிருந்து எந்தப் பொருளின் பத்திரத்தையும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது.

எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. பதிவில் ஒன்றும் வண்டியில் வேறொன்றுமாக இருந்தால், விபத்தொன்றின் பின் காப்புறுதிப் பணம் பெறுவதும் சிக்கலாகலாம்.

திருத்திய செலவுகளுக்கான பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் சேருங்கள். விற்கும் நாளில் அந்தக் கோப்பே வண்டிக்கு நல்ல விலை பெற்றுத் தரும். மீற்றரைக் குறைத்து, குறையை மறைத்து விற்பவரிடம் யாரும் மறுமுறை வரமாட்டார்கள். குறையைச் சொல்லி விற்பது நம் மார்க்கம் விதித்த ஒழுங்கும்கூட.

புத்தளத்து நண்பருக்கு எனது கோப்பைக் காட்டினேன். சீற்றுக்கும் ஹேன்டிலுக்கும் சைலன்சருக்கும் போட்ட பணத்தை நட்டம் என்ற தலைப்பில் எழுதியிருந்தேன். மற்றச் செலவுகள் வண்டியின் பெறுமதி இடைவெளிக்குள் அடங்கியிருந்தன. அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, தன் வீட்டில் நிற்கும் வண்டியைப் பற்றிக் கேட்டார். "முதலில் பிறேக் ஒயிலை மாற்றுங்கள், பிறகு தாளை எடுங்கள்" என்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.