தேயிலைக்குப் பகை, மாமரத்துக்கு விருந்தாளி

கொழும்பு மாளிகாவத்தையில் இரவு வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஒருபுறம் 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள், மறுபுறம் தொடர்மாடிகளின் படிக்கட்டு விளக்குகள். அந்த வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகளில், சிறகை மடிக்காமல் சுவரோடு சுவராக விரித்து ஒட்டிக்கொள்ளும் பழுப்பு அந்துப்பூச்சி ஏதும் உண்டா என்று பாருங்கள். முன்சிறகின் நுனி கொக்கியாக வளைந்திருந்தால், அது ஹைப்போசிட்ரா தலாக்காவாக இருக்கலாம்.

பிரித்தானிய நூதனசாலையின் பூச்சிச் சேகரிப்பைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் வோக்கர் 1860இல் விவரித்த இனம் இது. இந்தியாவிலும் இலங்கையிலும் தொடங்கி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வரை பரவியிருக்கிறது. 23,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டுவது அதன் காவடிப்புழு. பெரும்பாலான புழுக்களுக்கு வயிற்றுப் பக்கம் ஐந்து சோடி போலிக்கால்கள் இருக்கும். இதற்கோ பின்முனையில் இரண்டே சோடி. நடு உடம்பில் காலே கிடையாது. எனவே முன்கால்களை ஊன்றி, பின்பகுதியை அவற்றின் அருகே இழுத்து, முதுகை வளைத்து, மீண்டும் நீண்டு நடக்கிறது. ஆபத்தென்றால் பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு விறைத்து நிற்கும். குருவிக்கு அது வெறும் சுள்ளி. வளர்ந்த பூச்சிக்கும் ஒரு தற்காப்பு உண்டு. வௌவாலின் மீயொலியைக் கேட்கும் செவி அதன் வயிற்றின் அடியில் இருக்கிறது.

மா, கொய்யா, தேக்கு, தேயிலை என எந்த இலையும் தலாக்காவின் புழுவுக்கு ஆகும். தேயிலைதான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. வட வங்கத்து டூவார்ஸ் தோட்டங்களில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இது பெரும் தலைவலி. நிழல் மரங்களின் பட்டை வெடிப்புகளில் தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெண்புள்ளி வரிகளோடு பிறக்கும் கருநிறக் குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டு, காற்றில் மிதந்து, கீழே உள்ள கொழுந்தில் இறங்கும். மருந்து தெளித்துத் தெளித்துப் புழு அதற்குப் பழகிவிட்டதால், புழுவுக்கு நோய் தரும் வைரசைக் கொண்டே அதை அடக்க ஆய்வுகள் நடக்கின்றன.

பலவகை மரங்கள் கலந்து நிற்கும் காட்டில் இதே புழு குருவிக்கும் குளவிக்கும் இரை. மைல் கணக்கில் ஒரே செடியை நட்டு விருந்து வைத்த பிறகே அது பீடையானது.

இலங்கையின் அந்துப்பூச்சிகளுக்கு நல்ல ஆவணம் ஒன்று உண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸின் மேற்பார்வையில் டி அல்விஸ் குடும்பத்து ஓவியர்கள் வரைந்த படங்களோடு, பூச்சியியலாளர் பிரெடரிக் மூரின் மூன்று தொகுதிகள் 1880 முதல் 1887 வரை வெளிவந்தன. ஆனால் நகரத்துச் சுவர்களில் இன்று எவை வந்து அமர்கின்றன என்பதை அந்தத் தொகுதிகள் சொல்ல முடியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

அதற்குக் கைத்தொலைபேசி போதும். சிறகு முழுவதும் தெரியும்படி மேலிருந்து ஒரு படம் எடுங்கள். திகதி, இடம், அருகில் நிற்கும் மரம் ஆகியவற்றைக் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். விளக்குமாற்றை அதற்குப் பிறகு எடுக்கலாம். எடுக்காமல் விட்டால் இன்னும் நல்லது.