யானையும் அங்குசமும்

மோட்டார் வண்டியை விலைக்கு வாங்குவது வேறு, அதற்கு எஜமானன் ஆவது வேறு. வாங்குவதற்குப் பணம் ஒன்றே போதும். எஜமானன் ஆவதற்கு அறிவும் பொறுமையும் இடைவிடாத கவனிப்பும் வேண்டும். சாதாரண வண்டிகளில் இந்த வேற்றுமை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படும் அதிவேக வண்டிகளிலோ, இதை உணராத சொந்தக்காரர் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைத்தே ஒவ்வொரு முறையும் வண்டியை வெளியே எடுக்கிறார்.

இத்தகைய வண்டி நம் நாட்டில் எத்தனை பேரிடம் இருக்கிறது, செல்வர்களின் விளையாட்டைப் பற்றிப் பொதுமக்கள் கவலைப்படுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வண்டி ஒருவருடையது, சாலையோ எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுச் சாலைகளில் 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் கணக்கே கூறுகிறது. அவர்களில் பத்தில் ஏழு பங்குக்கு மேற்பட்டவர்களின் மரணத்துக்கு மிதமிஞ்சிய வேகமே காரணம் என்றும் அதே கணக்கு சொல்லுகிறது. இவர்களில் பெரும்பாலோரைக் கொன்றவை சாதாரண வண்டிகளே என்பது உண்மைதான். ஆயினும், வேகத்துக்கென்றே செய்யப்பட்ட யந்திரத்தைச் சாலைக்குக் கொண்டுவருகிறவருக்கு மற்றவர்களைவிட அதிகப் பொறுப்பு உண்டு என்பதை யார் மறுக்க முடியும்?

2024-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி பின்னிரவில் புனே நகரத்தில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்யாணி நகர்ப் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த இரண்டு இளம் எஞ்சினீயர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், போர்ஷே டைகான் என்னும் மின்சார ஸ்போர்ட்ஸ் கார் மோதி உயிரிழந்தார்கள். அதை ஓட்டியவன் பதினேழு வயதுச் சிறுவன் என்று போலீஸார் கூறினர். அவனை ஜாமீனில் விட்ட சிறுவர் நீதி வாரியம், சாலை விபத்துக்களைப் பற்றி 300 வார்த்தைகளில் ஒரு வியாசம் எழுதும்படி கட்டளையிட்டது. தேசமெங்கும் கோபம் பொங்கியதில் வியப்பில்லை. வழக்கின் மற்ற விவரங்கள் நியாயஸ்தலத்துக்கு உரியவை. அவற்றுள் நாம் புகவில்லை.

ஆனால் அதிகாரிகள் வெளியிட்ட ஒரு சிறு விவரம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. கோடிக்கு மேல் விலை பெறும் அந்த வண்டிக்கு நிரந்தரப் பதிவு ஆகியிருக்கவில்லை. காரணம், 1,758 ரூபாய்க் கட்டணம் செலுத்தப்படவில்லை என்பதாம்! யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவதா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. இங்கோ யானையை வாங்கியவர்கள் அங்குசம் ஒன்று உண்டா என்று கேட்கவே இல்லை. இந்த மனப்பான்மையைத்தான் நாம் கண்டிக்கிறோம். யந்திரம் வேண்டும், அதைக் கட்டுப்படுத்தும் காரியம் ஒன்றும் வேண்டாம் என்ற எண்ணமே எல்லாத் தீங்குக்கும் வேர்.

சொந்தக்காரர் கையிலுள்ள முதல் அங்குசம் வண்டியின் சாவி. அதை யாரிடம் கொடுக்கிறோம் என்பது வீட்டு விவகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2019-ம் வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவின்படி, வயது வராத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் அவனுடைய போஷகரோ, வண்டியின் சொந்தக்காரரோ குற்றவாளியாகவே கருதப்படுவார். மூன்று வருஷம் வரையில் சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். அந்தச் சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரையில் லைசென்ஸ் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுப்பதற்குத் தக்க ஜாக்கிரதை எடுத்துக்கொண்டதாகவோ ருஜுப்படுத்தும் பாரம் சொந்தக்காரர் மீதே சுமத்தப்பட்டிருக்கிறது. சாவியை மேஜைமேல் போட்டுவிட்டுத் தூங்கியவர் ஜாக்கிரதையாக இருந்ததாக எந்தக் கோர்ட்டில் சொல்ல முடியும்? லைசென்ஸ் உள்ள நண்பராயினும், அவ்வண்டியின் குணம் அறியாதவரானால், சாவியை மறுப்பதே உண்மையான நட்பு.

வேகத்தின் கணக்கை ஒவ்வொரு சொந்தக்காரரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 28 மீட்டர் கடந்துவிடுகிறது. அபாயத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த நொடி தீர்ந்துவிடும். அதன்பின், நல்ல டயரும் நல்ல பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால், சுமார் 40 மீட்டரில் வண்டி நிற்கும். வேகத்தை 200 ஆக்கினால் பிரேக் தூரம் இரட்டிப்பாகும் என்றுதான் பாமரர் எண்ணுவர். அது நான்கு மடங்காகி 160 மீட்டர் ஆகிறது. அறிவதற்கான ஒரு நொடியில் போன 56 மீட்டரையும் கூட்டிக்கொண்டால், இருநூறு மீட்டருக்கு அப்பால் சாலையைக் கடக்கும் கிழவியும் தப்ப முடியாது. வண்டியின் விலை எவ்வளவாயினும் இந்தக் கணக்கில் தள்ளுபடி இல்லை.

இவ்வளவு சக்தியும் பூமியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் சாலையைப் பற்றியிருக்கிறது. ஆதலால் டயரே இரண்டாவது அங்குசம். அது தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்பது பரவலான தப்பெண்ணம். ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் கொட்டகையில் நிற்பவை. வருஷத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பள்ளங்கள் புதிதுபோலவே இருக்க, ரப்பரோ உள்ளுக்குள் இறுகிப் பிடிப்பை இழந்துகொண்டிருக்கும்.

2013-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள சான்டா கிளாரிட்டாவில், பிரபல சினிமா நடிகர் பால் வாக்கர் பிரயாணம் செய்த போர்ஷே கரேரா ஜிடி வண்டி விபத்துக்குள்ளாகி அவரும் வண்டியை ஓட்டிய நண்பரும் மாண்டனர். ஓட்டியவர் அனுபவம் இல்லாதவர் அல்லர், பந்தயங்களில் பழகியவர். ஆராய்ந்த அதிகாரிகள் 2014 மார்ச்சில் வெளியிட்ட முடிவு என்ன? மணிக்கு சுமார் 72 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாத சாலையில் வண்டி 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. அதன் டயர்களுக்கு ஒன்பது வயது. 600 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட எஞ்சின், வழுக்கலைத் திருத்தும் நவீன ஸ்திரக் கருவி இல்லாத வண்டி, மூப்படைந்த ரப்பர், மிதமிஞ்சிய வேகம் இவை ஒன்று சேர்ந்தபோது தேர்ந்த கையும் பயன்படவில்லை.

டயரின் வயதை அறிவது மிகவும் எளிது. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து வருஷம் கடந்ததை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து வருஷத்தை எட்டியது பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றி எறியத்தக்கதே. வேகமாக ஓட்டப்படும் வண்டிக்கு அவ்வளவு காலம்கூடக் காத்திருக்கலாகாது. காற்றின் அழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வெவ்வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது அங்குசம் பிரேக். இதிலும் ஓடாத வண்டிக்கே ஆபத்து அதிகம். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 என்னும் வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அதே ஆயில் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலைப்பாதையில் இறங்கும்போதோ, அதிவேகத்திலிருந்து மீண்டும் மீண்டும் நிறுத்தும்போதோ பிரேக் தட்டுகள் பழுக்கக் காய்கின்றன. அப்போது ஆயில் கொதித்து ஆவியானால், மிதி நெகிழ்ந்து தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றினால் தீரும் காரியம் இது. வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பொருட்படுத்தத் தக்கதா?

எஞ்சின் ஆயிலும் அவ்வாறே. கிலோமீட்டர் கணக்கு நிரம்பவில்லை என்று வருஷக்கணக்கில் பழைய ஆயிலை விட்டுவைக்கலாகாது. கிளப்பியவுடன் எஞ்சினை உறுமவைப்பது, குளிர்ந்த ஆயில் எல்லா உறுப்புக்களையும் சரியாகக் காக்கும் முன்னரே அவற்றைத் தேய்ப்பதாகும். ஆயிலும் டயரும் சூடேறும் வரையில் பத்துப் பதினைந்து நிமிஷம் சாந்தமாக ஓட்டுவதே அறிவாளியின் வழி. நெடுநாள் நின்ற வண்டியை எடுக்கும் முன் அடியில் ஆயில் ஒழுகியிருக்கிறதா, எலி கம்பிகளைக் கடித்திருக்கிறதா, பிரேக் மிதி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

நான்காவது அங்குசம் சொந்தக்காரரின் கையும் காலும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் உண்டு. 1963-ம் வருஷம் பிராங்க்பர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட போர்ஷே 911 வண்டிக்கு எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் அமைந்திருக்கிறது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பாரம் முன்னே சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, வண்டியின் பின்புறம் முன்னே வரப் பார்க்கும். 1975-ல் விற்பனைக்கு வந்த டர்போ மாதிரியில் சக்தி சற்றுத் தாமதித்து ஒரேயடியாகப் பாய்ந்து வந்ததால் அபாயம் அதிகமாயிற்று. அச்சத்தில் காலை எடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பே அங்கே விரோதியாகிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் சக்தியை நிதானமாகக் கொடுக்கும் பழக்கம் ஒருநாளில் வருவதன்று. அறிந்தவர் அருகிலிருந்து கற்பிக்க வேண்டும்.

இப்பொழுது எல்லாவற்றையும் எலக்ட்ரானிக் கருவிகள் பார்த்துக்கொள்ளும் என்பது எதிர்க்கட்சி வாதம். அக்கருவிகள் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் டயருக்கு இல்லாத பிடிப்பை எந்தக் கருவியும் புதிதாக உண்டாக்காது. இருக்கும் பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் அதனால் முடியும். மேலும், இன்றைய மின்சார வண்டிகளில் சப்தமே இல்லாமல், மிதித்த கணத்திலேயே முழுச் சக்தியும் வந்துவிடுகிறது. வேகத்தைக் காதால் உணர்ந்து அஞ்சும் வாய்ப்பும் போய்விடுகிறது. கருவி வளர வளர ஓட்டுகிறவரின் அடக்கமும் வளர வேண்டும்.

அப்படியானால் இவ்வளவு வேகமும் எதற்கு, ஓட்டவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாக ஓட்டட்டும், அதற்குரிய இடத்தில்! சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ம் வருஷம் முதல் பந்தயப் பாதை இருக்கிறது. கோயம்புத்தூருக்கு அருகில் செட்டிப்பாளையத்திலும் ஒன்று உண்டு. அங்கே எதிரே லாரி வராது; குழந்தை குறுக்கே ஓடாது; மாடு படுத்திராது. தவறினால் காப்பாற்ற ஆட்கள் தயாராக நிற்பார்கள். ஆனால் ஒன்று: சாதாரண இன்ஷியூரன்ஸ் பத்திரம் பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் பொருந்தாது. புறப்படும் முன்பே பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சொந்தக்காரர்களிடம் நாம் கேட்பது கடினமான தவம் அன்று. சாவியைப் பத்திரமாக வையுங்கள். டயரின் வயதைப் பாருங்கள். பிரேக் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். ஓட்டக் கற்றுக்கொண்டு ஓட்டுங்கள். வேகத்தைப் பந்தயப் பாதையில் காட்டுங்கள். விற்பனையாளர்களும் வண்டியோடு மாலையும் இனிப்பும் கொடுப்பதோடு நிற்காமல், பதிவு முடியாத வண்டியை வெளியே விடமாட்டோம் என்று உறுதி கொள்ள வேண்டும். சர்க்கார் அதிகாரிகள், எளியவனின் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காகிதம் கேட்கும் அதே கண்டிப்புடன் கோடி ரூபாய் வண்டியையும் நிறுத்திக் கேட்க வேண்டும். சட்டம் வண்டியின் விலையைப் பார்த்து வழிவிடுமானால் அது சட்டமாகாது.

சாலையில் நடந்து போகிறவனுக்கு எதிரே வரும் வண்டியின் டயர் வயது தெரியாது. ஓட்டுகிறவரின் பயிற்சி தெரியாது. அவர் சரியாக இருப்பார் என்று நம்பித்தான் அவன் வீதியில் கால் வைக்கிறான். அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யாதவரே தம் வண்டிக்கு எஜமானர். மற்றவர்கள், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், அங்குசமின்றி யானைமேல் ஏறி ஊருக்குள் வருகிறவர்களே ஆவர்.