நான்கிலும் ஒன்பதிலும் இடறும் பெயர்கள்

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து என் மகள் ஓர் அட்டவணையோடு வந்தாள். இடப்பக்கம் வடிவங்களின் ஆங்கிலப் பெயர்கள். வலப்பக்கம் தமிழ்ப் பெயர்களை எழுத வேண்டும். மூன்று பக்க வடிவத்தில் தொடங்கிப் பத்துப் பக்க வடிவம் வரை எட்டுப் பெயர்கள். "எட்டு வரைக்கும் ஈஸியா வருதுப்பா. ஒன்பதுக்கு என்ன?" என்றாள். பொறியியலில் முதுகலை படித்த எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை!

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். பென்டகன் என்ற சொல்லில் 'பென்டே' கிரேக்க மொழியில் ஐந்து. 'கோனியா' என்றால் மூலை, கோணம். ஹெக்ஸகன், ஹெப்டகன், ஆக்டகன் எல்லாம் இதே கணக்குத்தான். பக்கங்களை எண்ணி வைக்கும் பெயரில் பக்கம் என்ற சொல்லே இல்லை! பலகோணத்தில் பக்கங்கள் எத்தனையோ மூலைகளும் அத்தனை என்பதால் குழப்பம் வருவதில்லை. தமிழும் ஐங்கோணம், அறுகோணம், எழுகோணம், எண்கோணம் என்று கோணத்தைத்தான் எண்ணுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இரு மொழிகளும் ஒரே இடங்களில் இடறுகின்றன. முதல் இடம் நான்கு. கிரேக்க முறைப்படி டெட்ரகன் என்ற சொல் இருந்தும், ஆங்கிலப் பாடநூல்கள் குவாட்ரிலேட்டரல் என்கின்றன. இது லத்தீன், 'நான்கு பக்கம்' என்று பொருள். தமிழிலும் நாற்கோணம் என்று சொல்ல முடியும். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் அது நாற்கரம். இலங்கைப் பாடநூலில் நாற்பக்கல். கோணம் போய்ப் பக்கம் வந்துவிடுகிறது.

இரண்டாவது இடம்தான் என் மகள் நின்ற இடம். தூய கிரேக்கத்தில் அது என்னியகன். புழக்கத்தில் இருப்பதோ நோனகன். முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். தமிழில் நவகோணம் என்கிறோம். எட்டு வரை தமிழ் எண். ஒன்பதில் வடமொழி எண்.

ஏன் இப்படி? தமிழில் மற்ற எண்களுக்கு, இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது சுருங்கி நிற்கும் வடிவம் உண்டு: முக்கனி, நாற்றிசை, ஐம்பொறி, அறுசுவை, எழுபிறப்பு, எண்சீர். ஒன்பது மட்டும் அப்படிச் சுருங்குவதில்லை. அதனால்தான் நவராத்திரி, நவதானியம், நவரத்தினம் என்று வடமொழியின் 'நவ' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பழஞ்சொல் இருந்தது. பரிபாடலில் அதைக் காணலாம். தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவற்றின் முதலெழுத்தில் அதன் தடம் இருப்பதாக மொழியறிஞர் பலர் விளக்குவர். 'ஒன்பான் சுவை' என்ற வழக்கும் நம்மிடம் உண்டு.

ஒன்பதைத் தாண்டிவிட்டால் தமிழுக்குத் தடையே இல்லை. பாடநூல்களில் தசகோணம் என்று இருந்தாலும், 'பதின்மர்' என்று சொல்லும் மொழியில் பதின்கோணம் இயல்பாகவே அமையும். அடுத்துப் பன்னிருகோணம். 1796-இல் காஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று நிறுவிய ஹெப்டடெககன், நமக்குப் பதினேழுகோணம். 1641-இல் வெளிவந்த நூலில் டெகார்ட், அறிவால் புரிந்துகொள்ளலாம், மனக்கண்ணால் தெளிவாகக் காண முடியாது என்பதற்குச் சான்றாகச் சொன்ன கிலியகன், ஆயிரங்கோணம். கிரேக்கம் தெரியாத குழந்தைக்கு ஆங்கிலப் பெயர் மனப்பாடம். தமிழ்ப் பெயரோ கேட்டவுடன் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறது.

இதையெல்லாம் மகளிடம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவள், கட்டத்தில் 'ஒன்பான்கோணம்' என்று எழுதினாள். அடைப்புக்குறிக்குள் 'நவகோணம்' என்றும் சேர்த்துக்கொண்டாள். "டீச்சர் தப்புன்னு போட்டுட்டா?" என்றாள். போடட்டும்; அந்தக் கட்டத்தை ஏன் அப்படி நிரப்பினாள் என்று அவளுக்குத் தெரியும்.