நடந்து தீரா நிலங்கள்
('எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கணினி விளையாட்டுகளில் உலகின் அளவு)

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழ் இலக்கண மரபு. மாந்தர் நடமாடவும் அவர்தம் ஒழுக்கம் புலப்படவும் முதற்கண் ஓர் இடம் வேண்டும். இப்பாடத்தை இரண்டாமாண்டு வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நான் ஆடுகின்ற கணினி விளையாட்டிலும் நிலந்தான் முதல். பழைய விளையாட்டு ஒன்றில் நிலம் ஒரு நாட்டளவு. அதன் பின்வந்ததில் ஓர் ஊரளவு. ஆனால் சிறியதுதான் பெரியதாகத் தோன்றுகிறது. அது ஏன்?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. நாம் அன்று விடை கூறவில்லை. கூறத் தெரியவில்லை என்பதே உண்மை.

கணினி விளையாட்டு என்றாலே காலத்தைக் கொல்லும் கருவி என்று கருதும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் மாணவரின் வினா விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. பெருமை என்பது எதனால் அமைகிறது என்பதைப் பற்றியது. ஆதலின் சில வாரங்கள் அவரருகே அமர்ந்து கண்டும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துரைக்க முற்படுகிறோம்.

தொடரின் தோற்றம்

அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அரீனா' என்னும் விளையாட்டே 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' தொடரின் முதல் நூல் போன்றது. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, வாளும் மந்திரமும் நிறைந்த கற்பனை உலகில் தம் விருப்பப்படி திரியலாம். டாம்ரியல் என்னும் அக்கற்பனைக் கண்டம் முழுவதும் அதில் இடம்பெற்றது. ஆனால் ஒரு நகரின் வாயிலைக் கடந்து எத்துணை நேரம் நடந்தாலும் மற்றொரு நகரைச் சென்றடைய இயலாது. நடக்க நடக்கக் கணினி புதிய வெளியை விரித்துக்கொண்டே இருக்கும். ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டுமாயின் வரைபடத்தைத் திறந்து, ஊரின் பெயரைச் சுட்டித்தான் செல்லவேண்டும். நிலம் உண்டு, வழி இல்லை.

1996ஆம் ஆண்டில் வந்த 'டேகர்ஃபால்' இக்குறையை நீக்கியது. கண்டம் முழுவதையும் காட்டாமல், இலியாக் வளைகுடாவைச் சூழ்ந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அப்பகுதியின் பரப்போ பெரிய பிரித்தானியத் தீவோடு ஒப்பிட்டுப் பேசப்படும் அளவினது. அஃதாவது ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டர். நகரும் சிற்றூரும் கோயிலும் இடுகாடும் நிலவறையுமாகப் 15,000க்கும் மேற்பட்ட இடங்கள் அதில் உள்ளன. ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்கு உண்மையாகவே நடந்து செல்லலாம். ஆனால் அதற்கு நாள்கணக்கில் கணினிமுன் அமர்ந்திருத்தல் வேண்டும்.

இத்துணைப் பெரிய நிலத்தைக் கையால் ஆக்க எவராலும் இயலாது. ஆகவே கணினிக்குச் சில விதிகளைக் கற்பித்து, அவ்விதிகளின்படி நிலத்தையும் ஊர்களையும் அதுவே உருவாக்கிக்கொள்ளச் செய்தனர். முன்னரே அமைத்த அறைத் தொகுதிகளை மாற்றி மாற்றி இணைத்து நிலவறைகள் கட்டப்பட்டன. விளைவு யாது? ஓரூரைக் கண்டவர்க்கு நூறூரைக் கண்டது போலாயிற்று. அதே வீடு, அதே விடுதி, அதே விடை கூறும் மாந்தர். ஊர்களுக்கு இடைப்பட்ட வெளியில் காண்பதற்கு ஏதுமில்லை; ஆதலின் நடப்பாரும் இல்லை. நாட்டளவு நிலத்தைப் படைத்தும், ஆடியவர் பெரும்பாலும் வரைபடத்தின்மீதே பயணம் செய்தனர்.

சுருங்கிய நிலம், விரிந்த உலகம்

2002ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாரோவிண்ட்' இத்தொடரின் திருப்புமுனை எனலாம். அதன் களமாகிய வார்டன்ஃபெல் தீவு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர் பரப்பினது. டேகர்ஃபாலோடு ஒப்பிட்டால் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. ஆயினும் ஆடியோர் பலர் இத்தீவையே பேருலகமாக நினைவுகூர்கின்றனர். இதற்கான காரணங்களை நாம் மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, கைவினை. பாறையும் காளான்மரமும் குடிசையும் கல்லறையும் மனிதர் ஒருவரால் ஓரிடத்தில் வைக்கப்பட்டவை. ஓரூர் மற்றோரூர் போலிராது. ஓரிடத்தில் நண்டின் ஓட்டைக் குடைந்து வீடாக்கி வாழ்வர். மற்றோரிடத்தில் வளர்ந்த காளானுக்குள் வாழ்வர்.

இரண்டாவது, தடை. தீவின் நடுவே செம்மலை என்னும் எரிமலை எழுந்து நேர்வழியை மறிக்கிறது. தூரத்துக் காட்சியை மூடுபனி மறைக்கிறது. அக்காலக் கணினிகளின் ஆற்றல் குறைவே இப்பனிக்குக் காரணம். பிற்காலத்தில் ஆர்வலர் சிலர் பனியை விலக்கித் தொலைநிலத்தையும் காணச் செய்தபோது, நெடுந்தூரம் என்று நினைத்திருந்த ஊர்கள் அருகருகே நிற்கக் கண்டனர். மறைந்திருந்தமையே அவற்றைத் தொலைவாக்கியிருந்தது.

மூன்றாவது, வழி வினவுதல். இவ்விளையாட்டில் செல்லுமிடத்தைச் சுட்டும் அம்புக்குறி கிடையாது. ஊராரிடம் வழி கேட்கவேண்டும்; அவர்கள் ஆற்றையும் பாலத்தையும் பாறையையும் அடையாளமாகக் கூறுவர். அதனைக் குறிப்பேட்டில் படித்து, கண்ணால் நிலத்தோடு பொருத்திப் பார்த்து நடக்கவேண்டும். விளையாட்டுப் பேழையுள் தாளில் அச்சிட்ட வரைபடம் ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. நெடுந்தூரம் செல்வோர்க்குச் சில்ட் ஸ்ட்ரைடர் என்னும் நெடுங்கால் பெரும்பூச்சியும் படகும் உண்டு. அவையும் எல்லா ஊர்க்கும் செல்வதில்லை. இறங்கியபின் எஞ்சிய வழி கால்நடையே. வழியைப் படிக்கத் தெரிந்தவனுக்கே அந்நிலம் வசப்பட்டது.

அம்புக்குறி வந்த காலம்

2006ஆம் ஆண்டின் 'ஒப்ளிவியன்' சிரடீல் என்னும் நடுநாட்டைக் களமாகக் கொண்டது. பரப்பு 16 சதுர மைல், அஃதாவது ஏறத்தாழ 41 சதுர கிலோமீட்டர். கணினிகளின் ஆற்றல் பெருகியமையால் மூடுபனி விலகிற்று. பாதாளச் சாக்கடையிலிருந்து வெளியேறும் ஆடுநர்முன் ஏரியும் குன்றும் காடும் ஒருங்கே விரியும் காட்சியைப் பலர் இன்றும் வியந்துரைப்பர். மலைச்சரிவை இயற்கையின் அரிப்புப் போலக் கணினியே செதுக்க, மனிதர் அதனைத் திருத்தி அமைத்தனர். மாரோவிண்டில் பகலும் இரவும் நின்ற இடத்திலேயே நின்ற மாந்தர், இதில் உண்டனர், உறங்கினர், கடை திறந்தனர், மூடினர்.

ஆனால் இரண்டு வசதிகள் உடன் வந்தன. ஒன்று, செல்லும் திசையை எப்போதும் சுட்டும் அம்புக்குறி. மற்றொன்று, வரைபடத்தைத் தொட்ட அளவில் சேரிடம் சேர்க்கும் விரைவுப் பயணம். பெருநகரங்களைப் பொறுத்தவரை, ஒருமுறையேனும் நடந்து சென்றிருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. நிலம் முன்னினும் பெரிது. காட்சி முன்னினும் தெளிவு. எனினும் நிலத்தைப் படிக்கவேண்டிய தேவை குறைந்தது. வானில் மிதக்கும் மந்திரமும் மாரோவிண்டோடு மறைந்தது. நகரங்கள் மதிலுக்குள் தனிப்பகுதிகளாக அமைக்கப்பட்டமையால், மதிலுக்கு மேலே எவரும் பறத்தல் கூடாதன்றோ!

2011ஆம் ஆண்டின் 'ஸ்கைரிம்' பரப்பில் ஒப்ளிவியனைவிடச் சற்றே சிறியது. 40 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் மலைகள் மிகுதி. தொலைவில் காணும் ஊருக்கு நேரே செல்லவொண்ணாது. கணவாய் தேடிச் சுற்றிச் செல்லவேண்டும். சுற்றுவழி தூரத்தைப் பெருக்கிற்று. நிலவறைகளை வடிவமைப்பதற்கு முன்னினும் மிகுதியான ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ஒன்றைப்போல் மற்றொன்று என்னும் குறை பெரிதும் நீங்கிற்று. அம்புக்குறி மட்டும் நீங்கவில்லை.

அளவைப் பெருக்கும் உத்திகள்

சிறிய பரப்பைப் பெரிதாகக் காட்டும் உத்திகள் சிலவற்றை ஈண்டுச் சுட்டுதல் பொருந்தும். ஸ்கைரிமில் பொழுது இருபது மடங்கு விரைந்தோடும். விளையாட்டின் ஒரு நாள் நமக்கு 72 நிமிடம். மாரோவிண்டிலும் ஒப்ளிவியனிலும் முப்பது மடங்கு. ஒரு நாள் 48 நிமிடம். காலையில் புறப்பட்டவன் இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குள் வெயில் சாய்ந்துவிடுமாயின், நெடுந்தொலைவு வந்துவிட்டதாகவே மனம் கொள்ளும். நிலம் குறைந்த இடத்தைப் பொழுது ஈடுசெய்கிறது. முதற்பொருள் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதனை இதனினும் தெளிவாக வகுப்பில் விளக்கவியலுமா என நாம் வியந்தோம்.

சொல்லும் துணைசெய்கிறது. ஸ்கைரிமின் உயர்ந்த மலைமீது துறவியர் மடம் ஒன்றுண்டு. அதற்கு ஏறும் வழிக்கு 'ஏழாயிரம் படிகள்' என்று பெயர். படிகளை எண்ணினாலோ ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஒயிட்ரன் என்பது பெரிய வணிக நகரம் எனப் பேசப்படும். அதில் வாழ்வோர் நூற்றுவர்கூட இல்லை. இதனைப் பொய் என்று தள்ளுதல் தகாது. நாடக மேடையில் நால்வர் வேலேந்தி நடந்தால் நாம் படை என்று கொள்கிறோம். காட்டுவது சிறிது, கருதச் செய்வது பெரிது என்பது கலையின் பொது இயல்பு.

பெருமை எதில் உள்ளது?

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். டேகர்ஃபால் அளவால் பெரியது. மாரோவிண்ட் அறிந்துகொள்ளும் முயற்சியால் பெரியது. ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் வேறுபாடு இருந்து, அவ்வேறுபாட்டை அறிய உழைப்பும் தேவைப்படுமாயின், அந்நிலம் மனத்தில் விரிகிறது. வேறுபாடின்றி நீளும் நிலம் எத்துணைப் பெரிதாயினும் மனத்தில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

இதே நிறுவனம் 2023ஆம் ஆண்டில் 'ஸ்டார்ஃபீல்ட்' என்னும் வேறொரு விளையாட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களோடு வெளியிட்டது. அவற்றின் பெரும்பகுதியைக் கணினியே விதிவழி ஆக்கியது. அப்போது ஆடியோரில் பலர் கூறிய குறை, டேகர்ஃபால் காலத்துப் பழைய குறையே: கோள்கள் பல, காட்சி ஒன்று. நேர்மாறாக, 2006இல் வந்த ஒப்ளிவியன் 2025இல் புதுக்காட்சியோடு மீள வெளியிடப்பட்டபோது, அதே பழைய நிலத்தில் நடக்கப் பெருந்திரளானோர் திரும்பி வந்தனர்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் வேளையில் நம் மேசைமீது மாணவர்தம் பயிற்சிக் கட்டுரைகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில முப்பது பக்கத்துக்கும் மேற்பட்டவை, பிழையற்றவை, ஆனால் ஒன்றைப்போலவே மற்றொன்று. எழுதியது மாணவர் அல்லர், கணினி என்பதனைக் கண்டறியப் பேரறிவு வேண்டியதில்லை. அவை நமது டேகர்ஃபால். இதற்கு மாணவரை மட்டும் கடிந்துகொள்ளுதல் நேர்மையாகாது. ஆய்வேட்டின் தரத்தைப் பக்க எண்ணிக்கையால் மதிப்பிட்ட குற்றம் ஆசிரியராகிய நமக்கும் உண்டு. இவ்வாண்டு முதல், பத்துப் பக்கமாயினும் தாமே நடந்து கண்ட கட்டுரையையே ஏற்பது என உறுதிகொண்டுள்ளோம்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் ஆடும்போது கடிந்துரைக்குமுன் ஒருமுறை அருகமர்ந்து, "இவ்வூருக்கு எப்படி வழி கண்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அம்புக்குறியைக் காட்டினானாயின் கடிந்துகொள்ளலாம். ஆற்றையும் பாலத்தையும் பாறையையும் சொன்னானாயின், அவன் எதையோ படிக்கத் தொடங்கிவிட்டான் என்று மகிழலாம். மாணவர்க்கு ஒன்று: எந்நிலத்திலாயினும் இரவு முழுதும் நடவாதீர், காலையில் எட்டரை மணிக்கு வகுப்பு உண்டு. அங்கும் அம்புக்குறி கிடையாது.