வெள்ளைத் துணியில் ஒட்டியது அழுக்கா, சாயமா?

போன கோடையில் அக்காவின் பழைய காரைச் சுத்தம் செய்ய ஒரு கடையில் விட்டோம். பழுப்பு நிறத் தோல் சீட். டிரைவர் ஏறி இறங்கும் பக்கத்து ஓரம் மட்டும் கறுத்து மின்னியது. கடைக்காரர் ஏதோ ஒரு பாட்டிலில் இருந்து வெள்ளைத் துணியில் ஊற்றித் தேய்த்தார். துணியில் கறுப்பாக அழுக்கு வந்தது, எங்களுக்குச் சந்தோஷம். துணியை மடித்து மறுபடி தேய்த்தார். இந்த முறை ஒட்டியது சீட்டின் பழுப்பு நிறம். நாங்கள் நிறுத்தச் சொல்வதற்குள் உள்ளங்கை அகலத்துக்குச் சீட் வெளுத்துவிட்டது. துணியில் தின்னர் வாடை அடித்தது. “பழைய சீட்டுங்க, அப்படித்தான் ஆகும்” என்றார். பில் கேட்டிருக்கவில்லை. பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

அந்த இழப்பைத் தடுத்திருக்கலாம். அதற்குச் சீட்டைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

உங்கள் சீட் எது?

இன்றைய கார்களின் தோல் சீட்டுகளில் பெரும்பாலானவற்றின் மேல் சாயப்பூச்சும், அதற்கு மேல் பாலியூரிதேன் காப்புப்பூச்சும் இருக்கும். நம் கை படுவது அந்தப் பூச்சின் மேல்தான். பூச்சில்லாத தோலும் உண்டு, ஆனால் அபூர்வம். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாதது, அல்லது பூச்சு தேய்ந்துபோனது.

மூன்றாவது வகை, தோலே அல்லாத ரெக்ஸின், லெதரெட். துணியின் மேல் பிவிசி அல்லது பாலியூரிதேன் பூசியது. இதற்கு எத்தனை லெதர் கண்டிஷனர் போட்டாலும் உள்ளே இறங்காது. செதில் செதிலாக உரிந்து, அடியில் துணி இழை தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான்.

எவையெல்லாம் ஆபத்து?

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகியவை பூச்சையே கரைக்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இவற்றின் ஆவி தலைச்சுற்றலைத் தரும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது. துணி சோப்பின் காரம் அதற்கு ஆகாது. கைக்குப் போடும் சானிட்டைசரும் நாளடைவில் பூச்சை அரிக்கும். தேங்காய் எண்ணெய் சில நாள் பளபளக்கும். பிறகு தூசியை இழுத்துப் பிசுபிசுக்கும், சிக்கு வாடை அடிக்கும்.

உயிரோடு தொடர்புள்ள ஒன்று: பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் வெளி ஓரத்துக்குள் இருக்கிறது. ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்ற சிறு பட்டி தைத்திருந்தால், அந்தத் தையலைப் பிரிப்பதோ, அதன் மேல் சாதாரண சீட் கவரை இறுக்கி மாட்டுவதோ கூடாது. விபத்தில் ஏர்பேக் விரிவதை அது தடுக்கலாம். சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர்களில் தண்ணீர் படவும் கூடாது.

சுத்தம் செய்யும் முறை

ஓரம் மின்னுவது தோலின் பளபளப்பு அல்ல. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்த மினுமினுப்பு. சுத்தமான தோல் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

1. தையல் இடுக்கில் உள்ள மணலை மென்மையான பிரஷ் மாட்டிய வேக்குவத்தால் எடுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல் விழும்.
2. தோலுக்கென விற்கும் காரமில்லாத கிளீனரை முதலில் சீட்டின் அடி ஓரத்தில் சோதியுங்கள்.
3. கிளீனரைச் சீட்டில் ஊற்றாமல் பிரஷ்ஷில் எடுத்து, ஒரு சாண் அளவு இடமாக நுரைத்துத் துடையுங்கள்.
4. ஈர வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் சாம்பலோ கறுப்போ வந்தால் அழுக்கு. சீட்டின் நிறமே வந்தால் உடனே நிறுத்துங்கள்.
5. நிழலில் உலர்ந்தபின் கண்டிஷனரை மெல்லிசாகத் தடவி, சிறிது நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

கண்டிஷனர் வெடிப்பை மூடாது, போன நிறத்தையும் திருப்பித் தராது. நிறம் போனால் மறுசாயம் பூச வேண்டும். தோல் கிழிந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைக்கலாம். “கண்டிஷனர் போட்டால் புதுசாகிவிடும்” என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

உங்கள் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இங்கே நமக்குத் துணை. ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகள். கவனக்குறைவாக வேலை செய்து சீட்டைக் கெடுப்பது சேவைக் குறைபாடு. சுயதொழிலாகப் பிழைப்புக்கு டாக்சி ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோரே.

வேலைக்கு விடுமுன் சீட்டைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பில்லில் பொருளின் பெயர், ‘அசல் தோல்’ அல்லது ‘லெதரெட்’ என்ற சொல், செய்யும் வேலை, உத்தரவாதம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். வாயால் தந்த உறுதியை நிரூபிப்பது கடினம்.

கெட்டுவிட்டால்?

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பதிவுதான். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். தோலா, ரெக்ஸினா என்ற சண்டை வந்தால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம்.

அன்று அந்தத் துணியை நாங்கள் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். சாயமும் தின்னர் வாடையும் ஏறிய அந்தத் துணிதான் எங்கள் கையில் இருந்திருக்க வேண்டிய முதல் ஆதாரம். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு, சீட்டைப் படமெடுத்து, பில்லோடு வெளியே வாருங்கள்.